ரத்தக்கட்டு: பற்று போட்டால் போதுமா, டாக்டரிடம் போகணுமா?

குளிக்கும்போதுதான் கண்ணில் படும். தொடையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு நீலமாக ஒரு திட்டு. தொட்டால் லேசாக வலிக்கும். எங்கே இடித்தோம், எப்போது இடித்தோம் என்று எவ்வளவு யோசித்தாலும் ஞாபகம் வராது. கட்டில் முனையா, பஸ் கம்பியா, ஸ்கூட்டர் ஸ்டாண்டா? பாட்டி இருக்கும் வீடாக இருந்தால், 'ராத்திரி பேய் அறைஞ்சிருக்கும்' என்று சொல்லி, உப்பும் மிளகாயும் எடுத்துத் தலையைச் சுற்றிப்போட்டு விஷயத்தை முடித்துவிடுவார்.

பெரும்பாலான ரத்தக்கட்டுகள் இந்த ரகம்தான். நாம் ஒன்றுமே செய்யாவிட்டாலும் பத்துப் பதினைந்து நாளில் மறைந்துவிடும். பேய் போய்விட்டதாகப் பாட்டிக்கும் திருப்தி.

ஆனால் எல்லா ரத்தக்கட்டும் அப்படி இல்லை என்பதை எங்கள் மாடி வீட்டுப் பெரியம்மா விஷயத்தில் பார்த்தோம். 72 வயது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர். ரத்தம் உறையாமல் இருக்க தினமும் இரண்டு மாத்திரை சாப்பிடுகிறவர். ஒருநாள் காலையில் பாத்ரூமில் வழுக்கி, நெற்றியின் ஓரம் வாஷ்பேசினில் இடித்துவிட்டது. மயக்கம் இல்லை, வாந்தி இல்லை. எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைத்திருந்தது, அவ்வளவுதான். மருமகள் மஞ்சளைக் குழைத்துப் பற்று போட்டார். ஒரே வாரத்தில் புடைப்பு வடிந்தது. நீலம் மட்டும் கீழே இறங்கிக் கண்ணைச் சுற்றிக் கருத்து, பிறகு அதுவும் போய்விட்டது. எல்லோரும் மறந்தே போனோம். மூன்று வாரம் கழித்து நடந்ததைக் கடைசியில் சொல்கிறேன்.

ரத்தம் எங்கே கட்டுகிறது?

கீழே விழும்போதோ, இடித்துக்கொள்ளும்போதோ தோல் கிழியாமல், தோலுக்கு அடியில் இருக்கும் முடி போன்ற மெல்லிய ரத்தக் குழாய்கள் மட்டும் உடைவது உண்டு. அவற்றிலிருந்து கசியும் ரத்தத்துக்கு வெளியே வர வழி இல்லை. சதைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. இதைத்தான் ரத்தக்கட்டு, கன்றிப்போதல், ஊமைக்காயம் என்று ஊருக்கு ஒரு பெயரில் சொல்கிறோம். ஊமைக்காயம் என்பது எவ்வளவு பொருத்தமான பெயர்! வாய் திறக்காத காயம்.

நிறம் மாறுவதைப் பார்த்துப் பலர் பயந்துபோகிறார்கள். 'நேத்து நீலமா இருந்தது, இன்னிக்குப் பச்சையாயிடுச்சே, அழுகிப்போச்சா?' என்று கேட்பார்கள். அழுகவில்லை, ஆறுகிறது. புதிதாகக் கசிந்த ரத்தம் சிவப்பாகத் தெரியும். ஓரிரு நாளில் நீலமாகவும் கறுப்பாகவும் மாறும். பிறகு நம் உடம்பிலுள்ள துப்புரவு செல்கள் அங்கே வந்து, தேங்கிய சிவப்பணுக்களைத் தின்று உடைக்கின்றன. ஹீமோகுளோபின் உடையும்போது முதலில் உண்டாகும் பிலிவெர்டின் பச்சை நிறம். அது மாறி பிலிருபின் ஆகும்போது மஞ்சள். மஞ்சள்காமாலையில் கண்ணை மஞ்சளாக்குவதும் இதே பிலிருபின்தான். கடைசியில் மிஞ்சும் இரும்புச்சத்து கொஞ்ச நாள் பழுப்புக் கறையாக நிற்கும், குறிப்பாகக் காலில். இந்தத் துப்புரவு வேலை முடிய ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். முகத்தில் சீக்கிரம் ஆறும், காலில் தாமதமாகும்.

நம் மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் இந்த வண்ணங்கள் எல்லாம் புத்தகத்துப் படம்போலத் தெளிவாகத் தெரியாது. தோல் மற்ற இடத்தைவிடக் கொஞ்சம் கறுத்து, வீங்கி, தொட்டால் சூடாகவும் வலியாகவும் இருக்கும். 'சிவக்கவே இல்லையே, அடி பலமில்லை' என்று முடிவு கட்ட வேண்டாம். கண்ணைவிட விரலை நம்புங்கள்.

முதல் இரண்டு நாள் குளிர்ச்சி, அப்புறம் சூடு

கை வைத்தியத்தில் நாம் செய்யும் பெரிய தப்பு, மருந்தில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. அடிபட்ட உடனே வெந்நீர் ஒத்தடம் கொடுப்பதும், சூடான பற்று போடுவதும், எண்ணெய் தேய்த்து உருவுவதும் நம் வீடுகளில் சாதாரணம். அடிபட்ட முதல் நாளில் குழாய்கள் இன்னும் கசிந்துகொண்டிருக்கும். சூடு பட்டால் அவை மேலும் விரியும், கசிவு கூடும், வீக்கமும் கூடும். குழாய் உடைந்து தண்ணீர் கொட்டும்போது மோட்டாரைப் போட்டுவிடுவதற்குச் சமம்.

முதல் 48 மணி நேரத்துக்குக் குளிர்ச்சிதான். ஐஸ் கட்டிகளை ஒரு பருத்தித் துண்டில் சுற்றி, ஒரு தடவைக்கு 10 முதல் 15 நிமிடம், சில மணி நேரத்துக்கு ஒரு தடவை வைத்தால் போதும். ஐஸை நேராகத் தோலில் வைக்கக் கூடாது, தோல் வெந்ததுபோல் ஆகிவிடும். ஐஸ் இல்லையா? ஃப்ரீஸரில் இருக்கும் பால் பாக்கெட்டைத் துணியில் சுற்றி வைக்கலாம். ஃப்ரிட்ஜே இல்லாத இடத்தில் மண்பானைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி. நம் அம்மாக்கள் குழந்தையின் நெற்றிப் புடைப்பின்மேல் தண்ணீர்ச் சொம்பை வைத்து அழுத்துவார்களே, அது முழுக்கச் சரியான வைத்தியம். குளிர்ச்சியும் அழுத்தமும் சேர்ந்து கசிவை அடக்குகின்றன.

கையிலோ காலிலோ அடிபட்டிருந்தால், தலையணை வைத்து இதய மட்டத்துக்கு மேலே தூக்கி வையுங்கள். கிரேப் பேண்டேஜ் சுற்றலாம், விரல்கள் மரத்துப்போகும் அளவுக்கு இறுக்கக் கூடாது. அந்த இரண்டு நாளும் அந்தக் காலுக்கு முடிந்தவரை ஓய்வு.

மூன்றாம் நாளிலிருந்து சூடு. இப்போது கசிவு நின்றிருக்கும். இதமான சூடு ரத்த ஓட்டத்தைக் கூட்டி, தேங்கியதை உடம்பு சீக்கிரம் உறிஞ்ச உதவும். பாட்டி வைத்தியங்களில் பாதி இங்கே பயன்படுகிறது.

பாட்டியின் பெட்டியில் இருப்பவை

புளி, உப்புப் பற்று. கெட்டியாகக் கரைத்த புளியில் கல் உப்பு போட்டுக் குழம்பு பதத்துக்குக் கொதிக்கவைத்து, சூடு ஆறும் முன் பூசுவது. தமிழ்நாட்டில் இது போடாத வீடு குறைவு. இதில் வேலை செய்வது பெரும்பாலும் அந்தச் சூடும், பற்று காய்ந்து இறுகும்போது கிடைக்கும் லேசான பிடிப்பும்தான். நேரம் தவறாமல் மூன்றாம் நாள் போட்டால் இதமாகவே இருக்கும். ஆனால் கொதிக்கக் கொதிக்கப் பூசித் தோல் வெந்துபோவது அடிக்கடி நடக்கிறது. சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குச் சூடே தெரியாது. கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும், அந்தக் கொப்புளம் புண்ணாகி மாதக்கணக்கில் ஆறாது. அவர்களுக்குப் பற்றும் வேண்டாம், சூட்டு ஒத்தடமும் வேண்டாம். மற்றவர்களுக்கும், பூசுகிறவர் தன் மணிக்கட்டின் உட்பக்கத்தில் ஒரு துளி வைத்துப் பார்த்துவிட்டே பூச வேண்டும்.

மஞ்சள் பற்று. மஞ்சளிலுள்ள குர்குமினுக்கு அழற்சியைக் குறைக்கும் குணம் இருப்பது ஆய்வுக்கூடங்களில் தெரிந்ததுதான். ஆனால் மேலே பூசினால் தோலைத் தாண்டி அது உள்ளே போவது மிகக் குறைவு. கெடுதல் இல்லை, பெரிய மாயமும் இல்லை. ஒரு சின்னச் சங்கடம் உண்டு: மஞ்சள் பூசிய இடத்தில் ரத்தக்கட்டு பரவுகிறதா, சுருங்குகிறதா என்று நமக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. டாக்டரைப் பார்க்கப் போகும் எண்ணம் இருந்தால் பூசாமல் போங்கள். பூசிவிட்டால் கழுவிவிட்டுப் போங்கள்.

மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்தால் ரத்தச் சிவப்பாக மாறும். பார்க்கவே ஏதோ பெரிய மருந்துபோல இருக்கும். அந்தச் சிவப்பு, காரமான சுண்ணாம்பு பட்டதும் மஞ்சள் நிறம் மாறுவதால் வருவது. மருந்துச் சத்து கூடியதால் அல்ல. சுண்ணாம்பு தோலை அரிக்கும். குழந்தைகளுக்கும், முகத்தில், முக்கியமாகக் கண்ணுக்குப் பக்கத்திலும், இதைப் போடவே கூடாது. சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வையே போகலாம்.

நாட்டு மருந்துக் கடையில் விற்கும் மூசாம்பரம், அதாவது கரியபோளம், கற்றாழையின் மஞ்சள் பாலைக் காய்ச்சி இறுக்கியது. முட்டை வெள்ளைக்கருவில் உரசிப் பற்று போடுவார்கள். காய்ந்ததும் ஓடுபோல் இறுகிப் பிடித்துக்கொள்ளும். சுளுக்குக்கு இந்தப் பிடிப்பு ஒரு கட்டுப்போட்டதுபோல உதவும். தோல் உரிந்த இடத்தில் மட்டும் போடாதீர்கள். இது வயிற்றைக் கடுமையாக இளக்கும் சரக்கு என்பதால் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

நொச்சி இலை, ஆமணக்கு இலை, புளிய இலை. வதக்கியோ வேகவைத்தோ துணியில் முடிந்து ஒத்தடம் கொடுப்பது. வறுத்த உப்பு மூட்டையும் இந்த வரிசைதான். இவையெல்லாம் மூன்றாம் நாளுக்குப் பிறகு நல்ல விஷயங்கள். எது கைக்குக் கிடைக்கிறதோ அதைச் செய்யலாம், இலைக்கு இலை பெரிய வித்தியாசம் பார்க்க வேண்டாம் என்பது என் கருத்து. கிராமத்து அத்தைகள் சண்டைக்கு வரலாம்.

அழுத்தி உருவுவதைப் பற்றி மட்டும் கொஞ்சம் கறாராகச் சொல்ல வேண்டும். தொடையில் பலமாக அடிபட்டு ரத்தம் கட்டியிருக்கும்போது, 'ரத்தத்தைக் கலைச்சுவிடறேன்' என்று எண்ணெய் போட்டு நீவுகிறார்கள். அது ஆறத் தொடங்கிய குழாய்களை மறுபடி உடைக்கும். சில பேருக்கு, குறிப்பாக விளையாட்டில் அடிபட்ட இளைஞர்களுக்கு, தசைக்குள் தேங்கிய ரத்தம் சுண்ணாம்பு படிந்து எலும்புபோல இறுகிவிடும். காலை மடக்க முடியாமல் மாதக்கணக்கில் அவதிப்படுவார்கள். முதல் சில நாள்களில் உருவுவது இதற்கு ஒரு காரணம். கபடி விளையாடும் பையன்கள் இருக்கும் வீட்டில் இதை அவசியம் சொல்லிவையுங்கள். அதேபோல, ஊசியால் குத்தி 'கெட்ட ரத்தத்தை' எடுப்பதும் வேண்டாம். அது கெட்ட ரத்தம் அல்ல. நீங்கள் குத்திய பிறகுதான் சீழ் வைத்துக் கெட்டுப்போகும்.

சாப்பாட்டு விஷயம் சீக்கிரம் முடிந்துவிடும். ரத்தக் குழாயின் சுவர் உறுதியாக இருக்க வைட்டமின் சி வேண்டும். நெல்லிக்காய், கொய்யா இருக்கின்றன. ரத்தம் உறைய வைட்டமின் கே வேண்டும். அது கீரைகளில் இருக்கிறது. ஆனால் வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் திடீரென்று தினமும் முருங்கைக்கீரை என்று ஆரம்பித்தால் மாத்திரையின் வேலை குறைந்துவிடும். கீரை கூடாது என்பதல்ல, எப்போதும் ஒரே அளவில் இருக்க வேண்டும்.

கடையில் வாங்கும் மாத்திரை

வலி தாங்க முடியவில்லை என்றால் பாராசிட்டமால் போதும். மெடிக்கல் ஷாப்பில் 'அடிபட்ட வலிக்கு' என்று கேட்டால் பெரும்பாலும் டைக்ளோஃபெனாக், இப்யூபுரூஃபன் வகைதான் கையில் வரும். ஆஸ்பிரினும் சேர்த்து, இவை ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும். கசிவு நிற்க வேண்டிய முதல் இரண்டு நாளில் இவற்றைத் தவிர்ப்பது நல்லது. ஹெப்பாரின் கலந்த களிம்புகள் ரத்தக்கட்டுக்கு விற்கின்றன. டாக்டர் சொன்னால் பூசலாம், தோல் கிழிந்த இடத்தில் பூசக் கூடாது. கமகமவென்று மணக்கும் வலித் தைலங்கள் பலவற்றில் மெத்தில் சாலிசிலேட் இருக்கிறது. வார்ஃபரின் சாப்பிடும் பெரியவர்கள் அதை அள்ளி அள்ளித் தேய்த்தால், தோல் வழியாகவே உள்ளே போய் ரத்தக்கசிவை அதிகமாக்கும். மேல்பூச்சுதானே என்று நினைக்க வேண்டாம்.

எப்போது கிளம்ப வேண்டும்?

தலையில் அடி என்றால் தனிக் கணக்கு. அடிபட்டபின் மயக்கம், திரும்பத் திரும்ப வாந்தி, விடாத தலைவலி, தூங்கித் தூங்கி வழிவது, பேச்சுக் குழறுவது, வலிப்பு, காதிலிருந்தோ மூக்கிலிருந்தோ தண்ணீர்போலவோ ரத்தமாகவோ வடிவது, இவற்றில் எது இருந்தாலும் 108-க்குப் போன் செய்யுங்கள். கண்ணில் அடிபடாமலேயே இரண்டு கண்ணைச் சுற்றியும் கறுத்தாலோ, ஒரு நாள் கழித்துக் காதுக்குப் பின்னால் நீலம் தெரிந்தாலோ, அது மண்டையோட்டின் அடிப்பகுதி எலும்பு விரிந்ததன் அடையாளமாக இருக்கலாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் 65 வயதைத் தாண்டியவர்களும் தலையில் அடிபட்டால், எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டாலும் அன்றைக்கே டாக்டரிடம் காட்டிவிட வேண்டும். மாத்திரையைப் பயந்துபோய் நீங்களாக நிறுத்தவும் கூடாது. ஸ்டென்ட் வைத்தவர் திடீரென்று நிறுத்தினால் அந்த ஸ்டென்ட்டே அடைத்துக்கொள்ளலாம்.

வயிற்றிலோ விலாவிலோ அடிபட்ட தடம் இருந்தால் அலட்சியம் வேண்டாம். சைக்கிள் ஹேண்டில்பார் குத்திய குழந்தையின் வயிற்றில் வெளியே சின்ன வட்டம்தான் தெரியும். உள்ளே மண்ணீரலோ கல்லீரலோ கிழிந்திருக்கக் கூடும். வயிறு கல்போல இறுகுவது, வெளிறிப்போவது, தோள்பட்டையில் காரணமில்லாத வலி, சிறுநீரில் ரத்தம், இவை உடனே போக வேண்டிய அறிகுறிகள்.

கையிலோ காலிலோ அடிபட்டு, வீக்கம் தோலைப் பளபளவென்று இழுத்துப் பிடித்து, அடிக்குப் பொருந்தாத அளவு வலி இருந்தால், விரலை மெல்ல நீட்டினாலே அலறினால், மரத்துப்போனால், காத்திருக்காதீர்கள். தசை உறைக்குள் அழுத்தம் ஏறி, உள்ளே ரத்த ஓட்டமே நின்றுபோகும் நிலை அது. சில மணி நேரத்துக்குள் அறுவைச் சிகிச்சை செய்யாவிட்டால் தசை செத்துப்போகும். இறுக்கமான கட்டுப் போட்ட பிறகு இப்படி வலித்தால் முதலில் கட்டை அவிழுங்கள். எலும்பு முறிந்ததா என்று எக்ஸ்ரே பார்க்காமல் யாரிடமும் கட்டுப் போட்டுக்கொள்ள வேண்டாம்.

வயல்வெளியில் ஒரு விஷயம். இருட்டில் நடந்துவிட்டு வந்தவர் 'ஏதோ கட்டை குத்திடுச்சு' என்பார். கால் வீங்கி நீலம் பரவும். ஈறில் ரத்தம் கசியும். அது கண்ணாடி விரியன் கடியாக இருக்கலாம். அந்த விஷம் ரத்தம் உறையும் தன்மையையே கெடுத்துவிடும். காலைக் கட்டாமல், கீறாமல், அசைக்காமல், விஷமுறிவு ஊசி இருக்கும் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். பற்று, பச்சிலை என்று நேரம் கடத்தினால் சிறுநீரகமும் போய்விடும்.

இனி, அடியே படாமல் வருபவை. பெண்களுக்குத் தொடையிலும் மேல்கையிலும் அவ்வப்போது ஒன்றிரண்டு வருவதும், வயதானவர்களுக்கு முன்கையில் லேசாக உரசினாலே செந்திட்டு வருவதும் சகஜம். வயதானால் தோல் மெலிந்து, ரத்தக் குழாய்க்குத் தாங்கல் குறைந்துவிடுகிறது. ஸ்டீராய்டு மருந்தை நீண்ட நாள் சாப்பிடுகிறவர்களுக்கும் இப்படியே. ஆனால் காரணமில்லாமல் உடம்பு முழுக்கப் பல இடங்களில், முதுகிலும் வயிற்றிலும் வந்தால் பேயைத் திட்டிக்கொண்டிருக்கக் கூடாது. கூடவே ஈறில் ரத்தம், நிற்காத மூக்கு ரத்தம், கறுத்த மலம், உடல் மெலிவு, விட்டுவிட்டுக் காய்ச்சல், கழுத்தில் கட்டி இருந்தால் தாமதிக்கவே கூடாது. தட்டணுக்கள் குறைவது, கல்லீரல் பாதிப்பு, ரத்தப் புற்றுநோய் என்று பல காரணங்கள் இருக்கலாம். முதல் படி ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனைதான். தட்டணுக்கள் ஒன்றரை லட்சத்திலிருந்து நாலரை லட்சம் வரை இருக்க வேண்டும். அதோடு ரத்தம் உறையும் நேரத்தையும் பார்ப்பார்கள்.

மாதவிடாயில் எப்போதுமே அதிக ரத்தப்போக்கு, சின்ன வயதிலிருந்தே மூக்கில் ரத்தம், பல் பிடுங்கியபோது நிற்காத ரத்தம், அடிக்கடி ரத்தக்கட்டு. 'எங்க குடும்பத்துல பொம்பளைங்களுக்கு எல்லாருக்கும் இப்படித்தான்' என்று சொல்லும் வீடு உங்களுடையதா? வான் வில்லபிராண்ட் என்ற பரம்பரைக் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ரத்தம் உறைவதில் வரும் பரம்பரைக் கோளாறுகளிலேயே அதிகம் காணப்படுவது இதுதான். கண்டுபிடிக்காமலே எத்தனையோ பெண்கள் ரத்தசோகைக்கு மட்டும் மாத்திரை விழுங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

காய்ச்சலோடு தோலில் சிவப்பாகவோ ஊதாவாகவோ புள்ளிகள் வந்தால், ஒரு கண்ணாடி டம்ளரை அவற்றின்மேல் வைத்து அழுத்திப் பாருங்கள். சாதாரணத் தடிப்பு அழுத்தும்போது மறையும். மறையவில்லை என்றால் அது தோலுக்குள் கசிந்த ரத்தம். மழைக்காலத்தில் முதலில் சந்தேகப்பட வேண்டியது டெங்கு. மூளைக்காய்ச்சல் கிருமியாகவும் இருக்கலாம். இரண்டுமே காத்திருக்காது. டெங்குவில் காய்ச்சல் விட்ட பிறகுதான் ஆபத்தான நேரம் என்பதை மறந்துவிடாதீர்கள். நிலவேம்புக் குடிநீர் குடித்துக்கொண்டிருப்பதால் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். டைக்ளோஃபெனாக், இப்யூபுரூஃபன், ஆஸ்பிரின் மூன்றும் இந்தக் காய்ச்சலில் கூடவே கூடாது.

குழந்தைகள் உடம்பு சொல்லும் கதை

ஓடி ஆடும் குழந்தைக்கு முழங்காலிலும் கெண்டைக்கால் எலும்பின் முன்பக்கமும் நெற்றியிலும் நீலம் இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். அவை விளையாட்டின் கையெழுத்து. ஆனால் இன்னும் தவழவே ஆரம்பிக்காத குழந்தைக்கு ரத்தக்கட்டு வரக் காரணமே இல்லை. அதற்குத் தானாக இடித்துக்கொள்ளத் தெரியாது. வந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். நம் குழந்தைகள் பலருக்குப் பிறக்கும்போதே இடுப்பிலும் பிட்டத்திலும் சாம்பல் நீலத்தில் மச்சத் திட்டு இருக்கும். அது ரத்தக்கட்டு அல்ல. அழுத்தினால் வலிக்காது, வாரங்களில் நிறம் மாறாது, வளர வளரத் தானாக மங்கும்.

ஆண் குழந்தை தவழவும் நடக்கவும் தொடங்கும்போது பெரிய பெரிய ரத்தக்கட்டுகள், முழங்கால் மூட்டு வீங்கிச் சூடாவது, தடுப்பூசி போட்ட இடம் பெரிதாக வீங்குவது, இவை ஹீமோஃபீலியாவாக இருக்கலாம். ரத்தம் உறையத் தேவையான எட்டாவது அல்லது ஒன்பதாவது காரணி குறைவதால் வருவது. தாய்மாமனுக்கு இப்படி இருந்ததா என்று டாக்டர் கேட்பது சம்பிரதாயத்துக்காக இல்லை. தாய்வழியாகவே இது பெரும்பாலும் இறங்கி வருகிறது. அந்தக் குழந்தையின் மூட்டை ஒருமுறைகூட உருவிவிடக் கூடாது. இன்னொன்று, சளிக்காய்ச்சல் வந்து சில வாரம் கழித்து நன்றாக விளையாடிக்கொண்டிருக்கும் குழந்தைக்குத் திடீரென்று உடம்பெங்கும் புள்ளியும் நீலமும் வருவது. உடலின் எதிர்ப்புச் சக்தி தன் தட்டணுக்களையே அழிப்பதால் உண்டாவது இது. பெரும்பாலான குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்குள் சரியாகிவிடும். ஆனால் அதுவரை டாக்டரின் கண்பார்வையில் இருக்க வேண்டும்.

ஒரு நாலு வயதுக் குழந்தையின் காதில், கழுத்தில், முதுகில் ரத்தக்கட்டு இருந்தால், விளையாடும்போது விழுந்து அந்த இடங்களில் அடிபடுவது அபூர்வம். விரல் தடம்போல வரிசையாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம். ஆசிரியர்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும் முதலில் கவனிக்கக் கூடியது இது. குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

பெரியவர்களுக்கும் இதே கதை உண்டு. 'கதவுல இடிச்சுக்கிட்டேன்' என்று சொல்லிக்கொண்டு, வெயில் காலத்திலும் முழுக்கை ரவிக்கையோடு வரும் அக்காவை நம்மில் பலர் பார்த்திருப்போம். அந்த ரத்தக்கட்டுக்குப் புளிப் பற்று மருந்தாகாது. பெண்களுக்கான உதவி எண் 181, இரவு பகல் எப்போதும் எடுப்பார்கள். கேட்கும்போது மற்றவர் முன்னால் கேட்காதீர்கள். தனியாகக் கூப்பிட்டு, 'யாராவது அடிச்சாங்களா?' என்று ஒரே ஒரு தடவை கேளுங்கள். இப்போது சொல்லாவிட்டாலும், கேட்க ஓர் ஆள் இருப்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

டாக்டரிடம் போகும்போது

எப்போது அடிபட்டது, அன்றைக்கு எவ்வளவு பெரிதாக இருந்தது என்பதுதான் டாக்டர் முதலில் கேட்பது. நம் கையில்தான் போன் இருக்கிறதே. தினமும் ஒரே வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்து ஒரு படம் எடுத்து வையுங்கள். பேனாவால் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டு வைத்தால், அது கோட்டைத் தாண்டுகிறதா என்று தெரியும். சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளைக் கையோடு எடுத்துப் போங்கள். சித்தா, ஆயுர்வேத லேகியம், மீன் எண்ணெய் மாத்திரை, பூண்டு மாத்திரை எல்லாவற்றையும் சொல்லுங்கள். அவற்றில் சில ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும். இரண்டு வாரமாகியும் குறையாத ரத்தக்கட்டு, உள்ளே உருண்டையாகத் தங்கிய கட்டி, ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வருவது, ஆறுவதற்குப் பதில் சிவந்து சூடாகிக் காய்ச்சல் வருவது, இவையெல்லாம் அவசரம் இல்லை என்றாலும் ஓரிரு நாளில் காட்ட வேண்டியவை.

மாடி வீட்டுப் பெரியம்மாவுக்கு மூன்று வாரம் கழித்து என்ன ஆனது என்றால், முதலில் பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்தார். பிறகு புடவைக் கொசுவம் வைக்க வராமல் தடுமாறினார். இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடந்தார். 'வயசாயிடுச்சு' என்றார்கள் வீட்டில். ஊரிலிருந்து வந்த மகள்தான், 'ஒரு மாசம் முன்னாடி நல்லாத்தானே இருந்தாங்க?' என்று பிடிவாதமாக ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள். சி.டி. ஸ்கேனில் மூளைக்கும் அதன் உறைக்கும் நடுவே ரத்தம் தேங்கி, மூளையை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தது. வயதானால் மூளை லேசாகச் சுருங்கும். அந்த இடைவெளியில் ரத்தம் சொட்டுச் சொட்டாகச் சேர்ந்து, தொந்தரவு கொடுக்கவே வாரக்கணக்கில் ஆகும். மண்டையோட்டில் சின்னத் துளை போட்டு அதை வடித்தார்கள். மறுநாளே மகளை அடையாளம் கண்டு, காபியில் சர்க்கரை இல்லை என்று சண்டை போட்டார்.

இப்போது நன்றாக இருக்கிறார். பாத்ரூமில் கைப்பிடிக் கம்பி போட்டாயிற்று, வழுக்காத பாய் விரித்தாயிற்று. யாராவது விசாரித்தால் மட்டும், 'அன்னிக்கு மருமக மஞ்சப் பத்து போடலேன்னா நான் போயே இருப்பேன்' என்கிறார். மருமகள் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விடுகிறாள்.